ஏலமலைக்குப் போகும் கிழட்டு ஜீப்

ஏலக்காயைப் பற்றி நம் சகோதரிகளுக்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? பாயசத்தில் இரண்டைத் தட்டிப் போட்டால் தெருக்கோடி வரை மணக்கும் என்பது எல்லாரும் அறிந்த விஷயம். ஆனால் அந்த இரண்டு ஏலக்காயும் செடியிலிருந்து நம் வீட்டு டப்பாவுக்கு வந்து சேர எத்தனை பெண்கள் மலையேறி இறங்குகிறார்கள், எதில் ஏறிப் போகிறார்கள் என்பதைப் போடிநாயக்கனூருக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

ரயிலில் போவதே உத்தமம். மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928ஆம் ஆண்டில். மீட்டர் கேஜ் பாதையை அகலப் பாதையாக மாற்றப் போகிறோம் என்று 2010ஆம் ஆண்டின் கடைசியில் வண்டியை நிறுத்தினார்கள். அன்றைக்குப் பிறந்த குழந்தை ஏழாம் வகுப்புக்குப் போன பிறகு, 2023 ஜூன் மாதத்தில்தான் மறுபடியும் போடி ஸ்டேஷனில் ரயிலின் ஊதல் கேட்டது. ஊர்க்காரர்கள் அதை இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து மேற்கே பார்த்தால் மலை. தூரத்தில் நீலமாகத் தெரிகிற மலை அல்ல. கடைசித் தெருவுக்குப் பின்னால் சுவர் எழுப்பினாற்போல் நிற்கிற மலை. அதன் உச்சியில், நாலாயிரம் அடிக்கு மேலே, போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளத்து இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று ஊர்ப் பெயர்கள்கூட அழகு. ஏலத் தோட்டங்கள் அங்கே. அவற்றில் வேலை செய்கிற பெண்களில் ஏராளமானவர்களுக்கு வீடு இங்கே. நடுவில் 17 கொண்டை ஊசி வளைவுகள்.

விடிவதற்கு முன்பே ஊர் விழித்துக்கொள்கிறது. சேலைக்கு மேல் ஆண்பிள்ளையின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குச்சட்டி, இந்தக் கோலத்தில் பெண்கள் தெருமுனைகளில் நிற்கிறார்கள். ஜீப்புகள் வந்து அவர்களை அள்ளிக்கொண்டு மலையை நோக்கிப் பறக்கின்றன.

கழுதை போய் ஜீப் வந்தது

ஜீப்புக்கு முன்னால் இந்த மலையின் சரக்கெல்லாம் கழுதை முதுகிலும் மனிதர் தலையிலும் இறங்கியது. மூணாற்றுத் தேயிலைக்கு மட்டும் ராஜ மரியாதை. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டக்குடிக்கு இறங்கி வரும். மூணாற்றில் ஓடிக்கொண்டிருந்த குட்டி ரயில் 1924ஆம் ஆண்டு வெள்ளத்தோடு போயிற்று.

இரண்டாவது உலக யுத்தத்துக்காக அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு கம்பெனிகளும் ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து தள்ளின. யுத்தம் முடிந்து, 1940களின் கடைசியில், மகேந்திரா கம்பெனி பம்பாயில் அதே ஜீப்பைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. சேற்றிலும் பாறையிலும் ஏறும். மலைக்காரர்கள் விடுவார்களா? அதன் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும்தான் இன்றைக்கும் இந்த மலையில் ஓடுகின்றன.

அப்படி ஒரு ஜீப்பின் வீட்டுக்குத்தான் நான் போயிருந்தேன். 1988ஆம் ஆண்டில் பதிவான மகேந்திரா எம்.எம். 540. வீட்டுக்காரருக்கு மேலே சின்னதாக ஓர் ஏலத் தோட்டம் உண்டு. வாரத்தில் ஐந்தாறு நாள் தம்முடைய தோட்டத்து வேலைக்காரப் பெண்களை அவரே அழைத்துப்போய்க் கூட்டி வருகிறார். சொந்த வண்டிக்கு முதல் பதிவு 15 வருஷம். அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இந்தக் கிழவருக்கு அடுத்த தவணை 2028.

நான் போன சமயம் சித்திரை வெயில். ஏலக்காய் எடுப்பு முடிந்து தோட்டம் சற்று ஓய்ந்திருந்தது. வாசல் வேப்ப மரத்தடியில், ஆசனங்களெல்லாம் கழற்றப்பட்டு, ஜீப் வெறும் கூடாக நின்றது. பக்கத்தில் கையில் சுத்தியலோடு வீட்டுக்காரர். திண்ணையில் தையல் மெஷினுக்கு முன்னால் அவர் மனைவி.

சாக்குக்கு அடியில்

"போன ஐப்பசி மழையில நடந்தது, தம்பி" என்று ஆரம்பித்தார் அந்த அம்மாள். "ஒரு பாட்டி வேலைக்கு வருது. ஏறி உட்காரப் போச்சு. கீழ விரிச்சிருந்த சாக்கோட சேர்ந்து கால் கணுக்கால் வரைக்கும் உள்ள போயிருச்சு. நல்ல வேளை, வண்டி நின்னுக்கிட்டு இருந்தது. சிராய்ப்போட போச்சு."

வளைவில் ஓடிக்கொண்டிருந்திருந்தால்? அதை அவர் வாயால் சொல்லவில்லை.

சாக்கைத் தூக்கிப் பார்த்தால் தரையில் இரண்டு சாண் நீளத்துக்கு இரும்பே இல்லை. எப்போதோ ஒரு பட்டறையில் அந்த இடத்தில் மெல்லிய தகரத்தை வைத்துத் தார் ஊற்றி, மேலே பட்டி பூசி, பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பார்வைக்குத் தரை, காலுக்குப் பள்ளம்.

"இதச் சரி பண்ணாம ஒருத்தரையும் ஏத்தக் கூடாதுன்னு சொல்லிட்டேன்" என்றார் அம்மாள். எடுப்பு முடிகிற வரைக்கும் வேறு ஜீப்பை வாடகைக்குப் பிடித்திருக்கிறார்கள். டிங்கரிங் பட்டறையில் விசாரித்தபோது, கேட்ட தொகை அந்த வருஷத்து லாபத்தில் பாதியைத் தின்றுவிடும் போலிருந்தது. ஆகவே வீட்டிலேயே செய்வது என்று தீர்மானமாயிற்று.

துருவின் குணம்

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். தோசைக்கல்லை ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால் மறுநாள் பழுப்பாகப் பூத்திருக்கிறதே, அதேதான். மலை ஜீப்புக்கோ மழையும் மூடுபனியும் போக இன்னும் இரண்டு சத்துருக்கள். தோட்டத்துக்கு ஏற்றிப் போகிற பொட்டாஷ் உரம் ஒரு வகை உப்பு. சிந்தினது ஈரத்தில் கரைந்து துருவை விரட்டி வளர்க்கும். ஏலத்துக்கு அழுகல் நோய் வராமல் தெளிக்கிற போர்டோ கலவையில் மயில்துத்தம் இருக்கிறது. அது செம்பின் உப்பு. அது பட்ட இரும்பு சீக்கிரம் அரித்துப்போகும். ஈரச் சாக்கு இவை எல்லாவற்றையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு தரையோடு ஒட்டிக் கிடந்தால் கேட்க வேண்டுமா?

துருவுக்கு இன்னொரு குணம், இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அது அடைத்துக்கொள்ளும். பெயின்டுக்கு அடியில் அது வளர வளர மேலே கொப்புளம் எழும்பும். வெளியே ஒரு ரூபாய்க் காசளவு கொப்புளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அகலத்துக்குப் போயிருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

எது வரை போயிருக்கிறது என்பதைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டியே வீட்டுக்காரர் கண்டுபிடிக்கிறார். பானை வாங்கும்போது நாம் தட்டிப் பார்ப்பது போலத்தான். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும்; கெட்டது பொத்தென்று இருக்கும். முதலில் அவர் தட்டியது அடியிலிருக்கும் சேஸை. வண்டிக்கு அதுதான் முதுகெலும்பு. அது அரித்திருந்தால் வீட்டு வைத்தியம் உதவாது. கைதேர்ந்தவரிடம் கொண்டுபோக வேண்டியதுதான். நல்ல காலம், கணீரென்றது.

ஜாக்கெட் வெட்டுவது போல

வேலையில் முதல் காரியம் பாட்டரி ஒயரைக் கழற்றியது. இரண்டாவது, டீசல் டாங்கியைக் கழற்றித் தெருவின் மறுகோடிக்குக் கொண்டுபோனது. இந்த மாதிரிப் பழைய ஜீப்புகள் பலவற்றில் டாங்கி டிரைவர் ஆசனத்துக்கு அடியிலேயே இருக்கும். காலி டாங்கியாயிற்றே என்று அலட்சியமாக இருக்கலாகாது. உள்ளே தங்கியிருக்கும் ஆவி போதும், ஒரு பொறி பட்டால் வீடே போய்விடும்.

பிறகு அரித்த இடத்தை வெட்டி எறிந்தார். பளபளவென்று நல்ல இரும்பு தெரிகிற வரை வெட்ட வேண்டும். பழைய இரும்பின் மேல் பாசம் வைத்து ஓரத்தில் கொஞ்சம் துருவை விட்டுவைத்தால் இரண்டு மழைக்காலத்தில் அது புதுத் தகட்டையும் தின்றுவிடும்.

இந்த இடத்தில்தான் அம்மாள் திண்ணையை விட்டு இறங்கி வந்தார். இரும்புத் தகட்டை எடுத்த எடுப்பில் வெட்டப் போன கணவரைத் தடுத்து, பழைய காலண்டர் அட்டையைத் துளையின் மேல் வைத்து, விளிம்பை விரலால் அழுத்தி அச்செடுத்தார். சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்கு விட்டார். சக்கரத்தை ஒட்டி வளைகிற மூலையில் மட்டும் அட்டை மூன்று தடவை மாறிற்று.

"அக்குள் வெட்டுற மாதிரிதான், தம்பி. நேரா இருக்கிற எடம் யார் வேணும்னாலும் வெட்டிரலாம். வளைவுலதான் துணி வீணாகும்" என்றார்.

வீணானது அட்டைதான். பிறகு அதைத் தகட்டின் மேல் வைத்துத் தையல் சாக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தார். தரைக்கு வாங்கியது 16 கேஜ் தகடு, அதாவது 1.6 மில்லிமீட்டர் கனம். ஆள் மிதிக்கிற இடத்துக்கு அதற்குக் குறைந்து போடக் கூடாது என்பது வீட்டுக்காரரின் கட்சி.

பற்றவைக்க ஒரு வெல்டிங் தம்பி வந்தார். ஒரு மூலையில் ஒரு பொட்டு, எதிர் மூலையில் ஒரு பொட்டு என்று தாவித் தாவி வைத்தார். ஒரே பக்கமாகப் பற்றவைத்துக்கொண்டே போனால் சூட்டில் தகடு நெளிந்துவிடுமாம். துணியை முதலில் அங்கங்கே கைத்தையலில் பிடித்துக்கொண்டு அப்புறம் மெஷினில் ஓட்டுவதில்லையா, அந்த நியாயந்தான். தெருக் குழந்தைகளையெல்லாம் அம்மாள் உள்ளே விரட்டிக் கதவைச் சாத்தினார். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் ராத்திரி முழுவதும் கண்ணில் மணலைக் கொட்டினாற்போல் உறுத்தும்.

துருவுக்குத் துருவே காவல்

மறுநாள் கம்பிப் பிரஷ்ஷும் உப்புத்தாளும் கொண்டு தேய்க்கிற படலம். எவ்வளவு தேய்த்தாலும் நுண்ணிய குழிகளில் பழுப்பு தங்கத்தான் செய்கிறது. அதற்குக் கடையில் ஒரு திரவம் விற்கிறார்கள். தடவினால் துரு கறுத்து இறுகிவிடுகிறது. இந்தத் திரவங்கள் சிலவற்றில் இருப்பது டானிக் அமிலம், அதாவது துவர்ப்புச் சத்து. வாழைக்காய் நறுக்கினால் அரிவாள்மணை கறுத்துப்போகிறதே, அந்த வித்தைதான். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் பெரியவர்கள் எழுதும் மை காய்ச்சியதும் இதே முறையில்தான். அதற்காக யாரும் ஜீப்புக்குக் கடுக்காய்க் கஷாயம் தடவப் போக வேண்டாம்!

அதன் மேல் ரெட் ஆக்ஸைடு பூச்சு, மேலே ஒரு தடவை, அடியில் ஒரு தடவை. ஜன்னல் கம்பிகளுக்கெல்லாம் நாம் அடிக்கிற அதே செங்காவிப் பெயின்ட். அதன் சிவப்பு எதிலிருந்து வருகிறது தெரியுமா? இரும்பு ஆக்ஸைடிலிருந்து. துருவுக்கு நெருங்கிய சொந்தம்! ஏற்கனவே ஆக்ஸைடாகிவிட்டதனால் அதற்கு மேல் கெட்டுப்போக அதில் ஒன்றும் இல்லை. எண்ணெயோடு குழைத்துப் பூசினால் அடியிலுள்ள இரும்பை மூடிக் காக்கிறது.

கடைசியில்தான் பட்டி. அதுவும் வெளிப்பக்கத்து மேடுபள்ளங்களில் மட்டும், கடுதாசிக் கனத்துக்கு. பட்டி அழகுக்கு, பலத்துக்கு அல்ல. துருவின் மேல் பூசிய பட்டி ஈரத்தை உள்ளே பூட்டிவைத்துத் துருவுக்கு விருந்து போடும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் வெளியே மினுக்குகிற பெயின்டைப் பார்த்து மயங்காமல், விரிப்பைத் தூக்கிவிட்டுத் தரையைத் தட்டிப் பார்ப்பது நல்லது.

தரையின் தாழ்ந்த மூலைகளில் தண்ணீர் வடிவதற்குக் கம்பெனியிலேயே துளை விட்டிருந்தார்கள். பழைய பட்டறைத் தார் அவற்றை அடைத்திருந்தது. வீட்டுக்காரர் குத்தித் திறந்துவிட்டார். சாக்குக்கும் விடை கொடுத்தாயிற்று. அதற்குப் பதில் சுருட்டி எடுக்கிற மாதிரி ரப்பர் விரிப்பு. தினமும் சாயங்காலம் அதை உருவி வேலியில் போட வேண்டும், தரையை நல்ல தண்ணீரால் கழுவி உலரவிட வேண்டும். இது அம்மாளின் உத்தரவு.

பாட்டியின் பரீட்சை

பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் ஜீப் மறுபடியும் புறப்பட்டது. முன்னால் இரண்டு பேர், பின்னால் ஆறு பேர். "இன்னும் ரெண்டு பேர் ஒடுங்கி உட்காரலாமே" என்று தெருமுனையில் ஒரு குரல் கேட்டது. "ஒடுங்கவும் வேண்டாம், ஒன்பதாவது ஆளும் வேண்டாம்" என்று வாசலிலிருந்தே அம்மாள் சொல்லிவிட்டார்.

இந்த மலைப் பாதையில் அளவுக்கு மீறி ஆளை ஏற்றிக்கொண்டு உருண்ட ஜீப்புகளைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் தெரியும். கூலிக்குப் போன பெண் திரும்பி வராத வீடுகளும் உண்டு. ஜீப்பின் தரை உறுதியாக இருப்பதும் அதில் ஏறுகிற தலைகளை எண்ணுவதும் ஒரே காரியத்தின் இரண்டு பாதி என்று அந்த அம்மாள் நினைக்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

எல்லாருக்கும் கடைசியாக அந்தப் பாட்டி வந்தாள். பின்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, தூக்குச்சட்டியை உள்ளே இருந்தவளிடம் கொடுத்தாள். மற்றக் காலைத் தரையில் ஊன்றிக் குதிகாலால் இரண்டு தடவை ஓங்கி மிதித்தாள். தரை அசையவில்லை.

"ம்... விடச் சொல்லு" என்று ஏறி உட்கார்ந்தாள்.

முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் முதல் வளைவு வந்தது. பின்னால் யாரோ ஊர்க் கதை ஒன்றை ஆரம்பித்தார்கள். இரண்டாவது வளைவில் சிரிப்புச் சத்தம் எழுந்தது. நாலாவது வளைவுக்குள் பாட்டி தூங்கிப் போய்விட்டாள்.