உடைந்த ஜாடியும் 3 பவுண்ட் அபராதமும்

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் 'போர்ட்லாண்ட் ஜாடி' என்று ஒன்று இருக்கிறது. சுமார் 2000 வருடங்களுக்கு முன் ரோமானியர்கள் செய்த கண்ணாடி ஜாடி. உயரம் 25 சென்டிமீட்டர் கூட இல்லை. நம் ஸ்கேலை விடக் குட்டை! கருநீலக் கண்ணாடி, அதன் மேல் வெள்ளைக் கண்ணாடிப் படலம். வேண்டாத இடத்தில் வெள்ளையைச் செதுக்கி எடுத்துவிட்டால் அடியில் நீலம் தெரியும். மிச்ச வெள்ளைதான் மனிதர்கள், மரங்கள். கொஞ்சம் கை தவறினாலும் அவ்வளவுதான். பீங்கான் செய்வதில் பேர்போன ஜோசையா வெட்ஜ்வுட், தன் பாணியில் இதற்கு ஒரு நகல் செய்யவே சுமார் 4 வருடம் போராடினார்.

1845 பிப்ரவரி 7 அன்று ஒரு இளைஞன் குடித்துவிட்டு மியூசியத்துக்கு வந்தான். பக்கத்தில் இருந்த சிற்பத்தைத் தூக்கி ஜாடி மேல் போட்டான். ஜாடி நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளானது.

வேடிக்கை இனிமேல்தான். அன்றைய சட்டப்படி 5 பவுண்டுக்கு உட்பட்ட பொருளை உடைத்தால்தான் அந்தப் பிரிவில் தண்டிக்க முடியும். ஜாடியோ விலைமதிப்பற்றது! அதனால் ஜாடியை மூடியிருந்த கண்ணாடிப் பெட்டியை உடைத்த குற்றத்துக்கு 3 பவுண்ட் அபராதம், கட்டாவிட்டால் 2 மாதம் கடுங்காவல். யாரோ பெயர் சொல்லாமல் பணத்தைக் கட்ட, அவன் வெளியே வந்துவிட்டான். அப்போது ஜாடி போர்ட்லாண்ட் பிரபுவின் சொத்து. அவனுடையது ஏழைக் குடும்பம் என்று தெரிந்ததும், மேற்கொண்டு வழக்குப் போட அவர் மறுத்துவிட்டார்.

இதைச் சொன்னதும் என் அறை நண்பனுக்கு ஒரே கோபம். "ஆயுசுக்கும் உள்ளே போட்டிருக்கணும்டா" என்றான். நான் பிரபு கட்சி. அவனைச் சிறையில் அடைத்தால் ஜாடி ஒட்டிக்கொள்ளுமா?

ஜாடியை ஒட்டியது வேறு ஆட்கள். ஜான் டபுள்டே என்பவர் அதே வருடம் ஒட்டினார். 37 சில்லுகள் மிஞ்சிவிட்டன. பசை பழசாகிவிட்டதால் 1940களின் கடைசியில் பிரித்து மறுபடி ஒட்டினார்கள். பிறகு 1980களின் கடைசியில் மூன்றாவது முறை. அப்போதுதான் மிஞ்சிய சில்லுகளில் பெரும்பாலானவற்றுக்கு இடம் கிடைத்தது. இன்றைக்கும் மியூசியத்தில் பார்க்கலாம்.

ஜாடியைப் பிரித்துப் பிரித்து ஒட்ட முடிந்தது. ஒரு ஏழை வீட்டுப் பையனின் வாழ்க்கையை அப்படி ஒட்ட முடியுமா என்ன? என் ஓட்டு அந்த 3 பவுண்டுக்குத்தான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?