வைராக்கியமா, முன்கோபமா?



அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாகிய என்.பி.ஏ. ஆட்டங்கள் நம் நேரப்படி பெரும்பாலும் காலை வேளையில் நடைபெறுகின்றன. அவற்றைக் குறித்து வாலிபர்களோடு உரையாடுவது எனக்குப் பிரியமான காரியம். அப்பேச்சில் அடிக்கடி எழும் வாதம் ஒன்று உண்டு. "கோபமில்லாதவன் ஜெயிக்க மாட்டான், ஐயா" என்பார்கள். இதே வாதத்தை வேறு சொற்களில் நம் வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். ஆகவே, போட்டியின் வைராக்கியம் எங்கே முடிகிறது, முன்கோபம் எங்கே தொடங்குகிறது என்பதை இந்த வாரம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

அந்த ஆட்டத்தின் சட்டமே இதற்கு ஒரு பதிலை வைத்திருக்கிறது. பந்துக்காகப் போராடும்போது எதிராளியின் கையில் அடித்துவிட்டாலோ, மோதிவிட்டாலோ அது சாதாரண ஃபவுல். ஒரே ஆட்டத்தில் ஐந்து ஃபவுல் வரை ஒருவர் களத்தில் நிற்கலாம். ஆறாவதில்தான் வெளியேற வேண்டும். நடுவரை ஏசுவதும் எதிராளியைச் சீண்டுவதும் டெக்னிக்கல் ஃபவுல். ஒழுங்கீனத்துக்காக அது இரண்டாம் முறை விதிக்கப்பட்டதும், அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்துவிடும். ஒரு பருவத்தில் அப்படி 16 சேர்ந்தால் ஓர் ஆட்டத்துக்குத் தடையும் உண்டு. கவனித்தீர்களா? முயற்சியில் நேரும் தவறை ஐந்து முறை பொறுக்கிற சட்டம், சினத்தில் நேரும் தவறை ஒரே முறைதான் பொறுக்கிறது.

கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் டிரேமண்ட் கிரீனை எடுத்துக்கொள்ளுங்கள். தம்மைவிட உயரமானவர்களைத் தடுத்து நிறுத்தும் தீவிரத்தால் புகழ் பெற்றவர் அவர். 2015-16 பருவத்தில் அவருடைய அணி 73 ஆட்டங்களை வென்றது. அதுவரை எந்த அணியும் ஒரே பருவத்தில் அத்தனை வெற்றிகளைப் பெற்றதில்லை. இறுதிச் சுற்றில் கிளீவ்லேண்ட் அணிக்கு எதிராக அவர்கள் 3-1 என்று முன்னிலையில் இருந்தார்கள். இன்னும் ஒரு வெற்றி போதும். ஆனால் நான்காம் ஆட்டத்தில், கீழே விழுந்துகிடந்த கிரீனைத் தாண்டிக் காலெடுத்து வைத்தார் லெப்ரான் ஜேம்ஸ். அவமானம் பொறுக்காமல் கிரீன் அவரை நோக்கிக் கையை வீசினார். முந்தைய ஆட்டங்களில் பெற்ற தண்டனைப் புள்ளிகளோடு இதுவும் சேர்ந்ததால், ஐந்தாம் ஆட்டத்தில் ஆட அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. அந்த ஆட்டத்தில் அணி தோற்றது. அதற்கடுத்த இரண்டிலும் தோற்றது. கோப்பை கைநழுவிப் போயிற்று.

அந்த ஒரு கைவீச்சே தோல்விக்கு முழுக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஐந்தாம் ஆட்டத்தில் வேறொரு முக்கிய வீரரும் காயமடைந்தார். எதிரணியும் அபாரமாக ஆடியது. ஆனால் ஏழாம் ஆட்டத்தைப் பாருங்கள். கிரீன் 32 புள்ளிகள் எடுத்தார். 15 முறை ரீபவுண்டைப் பிடித்தார். அணி 93-89 என்று நான்கே புள்ளிகளில் தோற்றது. அன்று அவரிடம் தீவிரம் குறையவில்லை. கை எவர்மேலும் வீசப்படவும் இல்லை. கோபத்தை எடுத்துவிட்டால் திறமையும் போய்விடும் என்பது உண்மையானால், அந்த இரவு எப்படிச் சாத்தியமாயிற்று?

"மைக்கேல் ஜோர்டான் கோபக்காரர்தானே, அவர் ஜெயிக்கவில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1995-ஆம் ஆண்டுப் பயிற்சி முகாமில் ஜோர்டான் தம்முடைய சக வீரர் ஸ்டீவ் கெரின் முகத்தில் குத்தினார். அந்தப் பருவத்தில் சிகாகோ புல்ஸ் 72 ஆட்டங்களை வென்றது. குத்துதான் வெற்றியைத் தந்தது என்று பேசுகிறவர்கள் இடையில் நிகழ்ந்த ஒன்றை விட்டுவிடுகிறார்கள். ஜோர்டான் கெரைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். 1997 இறுதிச் சுற்றின் ஆறாம் ஆட்டத்தில், ஸ்கோர் சமமாக நின்ற கடைசி விநாடிகளில், இரண்டு எதிராளிகள் தம்மைச் சூழ்ந்தபோது ஜோர்டான் பந்தைக் கெரிடம் கொடுத்தார். கெர் எறிந்தார், பந்து கூடைக்குள் விழுந்தது, கோப்பை அவர்களுடையதாயிற்று. குத்திய கை அந்த நம்பிக்கையைக் கட்டவில்லை. தாழ்ந்துபோன மனமும், அதற்குப் பின் இருவரும் சேர்ந்து உழைத்த நாட்களுமே கட்டின.

அதே ஸ்டீவ் கெர் பின்னாளில் வாரியர்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். 2022 அக்டோபரில், அவருடைய பயிற்சிக்களத்தில், கிரீன் இளைய வீரரான ஜோர்டன் பூலைக் குத்தி வீழ்த்தினார். கிரீனும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சில மாதங்களுக்கு முன்புதான் இருவரும் ஒன்றாகக் கோப்பையைத் தூக்கியிருந்தார்கள். அந்தப் பருவத்தில் அணியால் இரண்டாம் சுற்றைத் தாண்ட முடியவில்லை. 2023 கோடையில் பூல் வேறு அணிக்கு மாற்றப்பட்டார். மன்னிப்புக் கேட்பது நம் கையில் இருக்கிறது. உடைந்தது பழையபடி பொருந்துமா என்பது நம் கையில் இல்லை.

அப்படியானால் வைராக்கியம் எப்படியிருக்கும்? பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பில் ரஸ்ஸல் 13 பருவங்களில் 11 கோப்பைகளை வென்றவர். ஆட்டத்துக்கு முன் வாந்தியெடுக்கும் அளவுக்கு அவருக்குள் பரபரப்பு இருந்தது. ஆனாலும் அவருடைய மாபெரும் போட்டியாளரான வில்ட் சேம்பர்லினின் வீட்டில், நன்றியறிதல் நாளில் உட்கார்ந்து விருந்து உண்பார். களத்தில் அவர் வேண்டியது பந்து. சேம்பர்லினின் வீழ்ச்சி அல்ல. வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. வைராக்கியம் பந்தைத் தேடுகிறது. முன்கோபம் ஆளைத் தேடுகிறது. விசில் ஒலித்ததும் வைராக்கியமுள்ளவர் தம் இடத்துக்குத் திரும்பி ஓடுகிறார். முன்கோபமுள்ளவர் நடுவரிடம் கைநீட்டி வாதாடிக்கொண்டு நிற்கிறார். அதற்குள் எதிரணி மறுபக்கம் போய்ப் புள்ளி எடுத்துவிடுகிறது.

பிரியமானவர்களே, இப்போது நம்மைப் பார்ப்போம். "நான் முன்கோபிதான்; ஆனால் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன்" என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேட்டவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். கணவனின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் வானொலியை அணைக்கிற மனைவி வைத்துக்கொண்டிருக்கிறாள். மதிப்பெண் அட்டையைப் பையிலேயே மறைக்கிற பிள்ளை வைத்துக்கொண்டிருக்கிறான். ஆலயக் காரியங்களுக்காகக் கூடும் கூட்டத்தில் ஒருமுறை அதட்டப்பட்டு, அதன் பிறகு வாய் திறவாதவரும் வைத்துக்கொண்டிருக்கிறார். "எல்லாம் நன்மைக்காகத்தான் கோபப்பட்டேன்" என்பது அவர்களுக்கு ஆறுதல் அல்ல.

மோசேயை நினைத்துப் பாருங்கள். கன்மலையோடு பேசும்படி கட்டளை பெற்றவர், ஜனங்கள்மேல் எரிச்சலடைந்து அதை இரண்டு முறை அடித்தார். தண்ணீர் வந்தது, ஜனங்கள் குடித்தார்கள். ஆனால் அவரோ வாக்குத்தத்த தேசத்துக்குள் பிரவேசிக்கவில்லை. பலன் கிடைத்துவிட்டது என்பது, நாம் நடந்த விதம் சரி என்பதற்குச் சாட்சி ஆகாது.

சுபாவத்தை மாற்ற முடியுமா என்று சோர்ந்திருக்கிறவர்களுக்கு இன்னொருவரைச் சொல்கிறேன். 2004 நவம்பர் 19 அன்று டெட்ராய்ட் அணிக்கு எதிரான ஆட்டத்தில், பார்வையாளர் ஒருவர் பானத்தை எறிந்ததால் ரான் ஆர்டெஸ்ட் கூட்டத்துக்குள் பாய்ந்து சென்று சண்டையிட்டார். அதற்காக 86 ஆட்டங்களை இழந்தார். 2010-இல் லேக்கர்ஸ் அணியோடு கோப்பையை வென்றபோது, களத்திலேயே நின்று தம் மனநல மருத்துவருக்கு நன்றி சொன்னார். 2012-இல் மறுபடியும் ஒரு வீரரை முழங்கையால் தாக்கி ஏழு ஆட்டத் தடை பெற்றார். இது ஒரே நாளில் முடிந்த மாற்றம் அல்ல. ஆனாலும் எல்லாரும் பார்க்க, தமக்கு உதவி தேவைப்பட்டதென்று சொல்ல அவர் வெட்கப்படவில்லை. ஜெபத்தோடு ஆலோசகரையும் மருத்துவரையும் நாடுவது விசுவாசக் குறைவு அல்ல. நம்மோடு வாழ்கிறவர்கள்மேல் நமக்குள்ள அன்பு.

கடைசியாக ஒன்று. எந்த ஆட்டக்காரரும் தம் ஃபவுலைத் தாமே எண்ணுவதில்லை. களத்தின் ஓரத்தில் ஒரு மேசை இருக்கிறது. அங்கே அமர்ந்திருப்பவர்கள் குறித்துக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மேசை உண்டு. இந்த வாரத்தில் ஒரு நாள், இரவு உணவுக்குப் பின் அவர்களைக் கேளுங்கள்: "நான் கோபப்படும்போது உங்களுக்கு எப்படியிருக்கிறது?" பிறகு மறுமொழி சொல்லாமல், அவர்கள் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருங்கள். அதற்கு வேண்டிய பொறுமையைக் கர்த்தர் உங்களுக்குத் தந்தருள்வாராக.