கேணித் தண்ணீர்மேல் போட்ட பழி



மாரி மழை ஓய்ந்து தை பிறந்ததும் உங்கள் வீட்டில் யாராவது ஓயாமல் தும்முகிறார்களா? கண் சிவந்து, மூக்கில் நீர் வடிந்து, இரவில் இழுப்பும் வருகிறதா? "தடிமன்தானே" என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்துவிட்டு இருந்து விடுகிறீர்களா? நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன்.

ஒரு தை மாதம், என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் கீரிமலை வீட்டுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். 1990-இல் போரினால் அவர் குடும்பம் அங்கிருந்து இடம்பெயர்ந்தது. அதே வருடம் ஒக்டோபரில் முஸ்லிம்களாகிய நாங்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோம். பல வருடம் கழித்து ஊர் திரும்பிய இருவருக்கும் பேச நிறைய இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருக்க, பிள்ளைகள் பற்றை மண்டிய பக்கத்துக் காணியில் விளையாடினார்கள். மாலையில் கேணிக்குப் போனோம். கடலை ஒட்டியே நன்னீர் ஊறுகிறது, சுப்ஹானல்லாஹ்! பெண்களுக்குத் தனிக் கேணி உண்டு. என் மகள் அதில் ஆசை தீரக் குளித்தாள்.

அன்றிரவு தும்மல் தொடங்கியது. சுபுஹுக்கு முன் மூச்சு இழுத்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மறுநாள் இமையும் கழுத்தும் தடித்துச் சிவந்தன. "அவங்கட தீர்த்தத்தில குளிக்க விடாதீங்க என்று சொன்னேனே, மகன்" என்றார் மாமி. நான் வாய் திறக்கவில்லை. ஆராயாமல் பழி சுமத்தாதீர்கள் என்று பிறருக்குப் பயான் செய்கிறவன் நான்!

டொக்டர் அம்மா மகளிடமே கேட்டார்: "பிள்ளை என்னத்தோட விளையாடினவ?"

"வெள்ளைப் பூ. பூச்செண்டு கட்டினேன்."

பார்த்தீனியம்! பார்வைக்குக் கரட் இலை போன்ற இலை, நுனியில் சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள வெறுங்காணியிலும் அதே செடிதான் நின்றது. வருடா வருடம் வந்த "தடிமன்" எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். இந்தியாவில் 1955-இல் பூனாவில் கண்டார்கள். அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்பார்கள். நம் வடக்குக்கு, 1987 முதல் 1990 வரை இங்கிருந்த இந்தியப் படைக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு வந்தது என்பது பலர் சொல்லும் கதை. எப்படி வந்தாலும், ஆளில்லாமல் கிடந்த காணிகள் அதற்கு வசதியாகப் போயின. ஒரே செடி பதினையாயிரத்துக்கும் மேல் விதை போடக்கூடியது. அதன் மகரந்தம் மூக்கில் ஏறினால் ஒவ்வாதவர்களுக்குத் தும்மலும் இழுப்பும். செடியிலுள்ள பார்த்தெனின் என்னும் நஞ்சு தோலில் பட்டால் சொறி. முதல் தடவையே வரவேண்டும் என்பதில்லை. பல தடவை பட்டுப் பட்டு, பிறகு ஒருநாள் உடம்பு பொறுக்காது. வெங்காயத் தோட்டத்தில் வெறுங்கையால் களை பிடுங்கும் சகோதரிகளை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

மழை விழுந்து முளைத்தால் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும். ஆகவே பூக்குமுன், மண் ஈரமாயிருக்கும்போதே, கையுறை போட்டு மூக்கை மூடிக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள். பயிரில்லாத நிலமானால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 200 கிராம் கறியுப்புக் கரைத்துத் தெளிக்கலாம். இழுப்பு உள்ளவர்களை இந்த வேலைக்கு விடாதீர்கள். மாட்டுக்கும் போடாதீர்கள், பால் கசக்கும். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானில் சேர்ந்தது என்று ஓதிக்கொடுக்கிறோமே, இந்தச் செடி அதில் சேராதா?

அடுத்த கார்த்திகையில் நண்பரின் அயற்காணியைத் துப்புரவாக்க எல்லோருமாகப் போனோம். மாமியும் என் பழைய காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு வந்தார். மகளை மட்டும் வீட்டில் விட்டிருந்தோம். வேலை முடிந்ததும் மாமி கேணிப் படியில் இறங்கிக் கைகால் கழுவி, அங்கேயே லுஹருக்கு உளூச் செய்தார்.