கரித்தூளும் காப்புறையும்

கோயம்புத்தூரைப் பம்பு மோட்டாருக்கும் மாவரைக்கும் கிரைண்டருக்கும் பெயர்போன நகரமாக வெளியூரார் அறிவார்கள். ஆனால் அந்த யந்திரங்கள் எரிந்துபோகும்போது அவற்றுக்கு மறுபடி உயிர்கொடுக்கிற வைண்டிங் பட்டறைகளும், செப்புக் கம்பியோடு நாளெல்லாம் உழலும் அங்குள்ள தொழிலாளர்களும் அதே நகரத்தின் செல்வம் என்பதை நினைப்பவர் குறைவு. கணபதிப் பக்கம் ஒரு சந்தில் இருந்த அத்தகைய பட்டறையை நான் நாடிச் சென்றது, வீட்டு உபயோகத்திற்கு வாங்கும் டிரில், ஆங்கிள் கிரைண்டர், மரம் அறுக்கும் ரம்பம் முதலிய கைக்கருவிகள் மின் அதிர்ச்சியிலிருந்து மனிதனை எவ்விதம் காக்கின்றன என்பதை, அவற்றைக் கழற்றிப் பூட்டுகிறவர்களிடமே கேட்டறிய வேண்டும் என்ற ஆவலினால்தான்.

மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த, மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சர் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அதன் காடி ஒவ்வொன்றிலும் காப்புத்தாளை மடித்துச் செருகி, தாளின் விளிம்பு தகட்டுக்கு வெளியே சற்று நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்த பிறகே கம்பி சுற்றத் தொடங்கினார் ஓர் அம்மாள். சுற்றின் எண்ணிக்கை தவறிவிடக் கூடாது என்பதால் அவர் யாரோடும் பேசவில்லை. தாள் ஒரு நூலளவு குறைந்தாலும் தகட்டின் கூர்மை கம்பியின் எனாமல் பூச்சைச் சுரண்டிவிடும். பூச்சுப் போன இடத்தில் செம்பு இரும்பைத் தொடும். பட்டறைக்காரர்கள் ‘பாடி ஷாக்’ என்று சொல்கிற அபாயம் அங்கேதான் ஜனிக்கிறது.

கைக்கருவியை மற்ற மின்சாதனங்களினும் அதிக ஜாக்கிரதையோடு நோக்க வேண்டியதற்கு ஒரு விசேஷ காரணம் உண்டு. ஏறக்குறைய 10 மில்லி ஆம்பியருக்கு மேல் மின்சாரம் கை வழியே பாயுமானால் தசைகள் சுருங்கி, பிடித்த பொருளை விட முடியாதபடி விரல்கள் இறுகிவிடுகின்றன. டிரில்லையோ நாம் முன்னதாகவே இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறோம். இந்த விடமுடியாத நிலையைத் தன்னார்வலர்களைக் கொண்டு அளந்தறிந்த அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் என்பவரே 1961-இல் 5 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனத்தைக் கண்டுபிடித்தார்.

பட்டறையின் மூத்த தொழிலாளி இரண்டு டிரில்களை என் முன்னால் எடுத்து வைத்தார். ஒன்று பழைய உலோக உடம்புக்காரி. மூன்று முனை பிளக், பச்சை எர்த் கம்பி. மற்றது பிளாஸ்டிக் உடம்பு, இரண்டே கம்பி, அதன் பெயர்த்தகட்டில் சதுரத்துக்குள் ஒரு சதுரம். எர்த் இல்லாததைக் கண்டு இதை மட்டமான சரக்கு என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். உண்மை என்னவென்றால், கம்பியின்மேல் உள்ள காப்பு முதலாவது, அது கெட்டாலும் நம்மைக் காப்பதற்கென்று தனியே அமைந்த காப்பு இரண்டாவது என்று இரட்டைக் காப்பு பெற்ற கருவி அது என்பதற்கே அந்தச் சதுரங்கள் அடையாளம்.

அந்த இரண்டாவது காப்பின் சூட்சுமத்தை அவர் அந்த டிரில்லின் ஆர்மேச்சரிலேயே காட்டினார். தகட்டடுக்குக்கும் நடுவிலுள்ள அச்சுக்கும் இடையே மெல்லிய குழல் போன்ற ஓர் உறை இருக்கிறது. அச்சு பல்சக்கரத்தோடும், பல்சக்கரம் நம் கை படக்கூடிய சக்கோடும் சம்பந்தப்பட்டிருப்பதால், உள்ளே கம்பி கெட்டாலும் மின்சாரம் வெளியே வராமல் தடுப்பது இந்த உறைதான். கருவி அளவுமீறிச் சூடாகி அது கருகியிருந்தால், எவ்வளவு அழகாகக் கம்பி சுற்றினாலும் பயனில்லை, ஆர்மேச்சரையே மாற்ற வேண்டும் என்பது அவர் தீர்மானம். காப்பின் தடையை அளக்கும் மெக்கரின் ஒரு முனையைக் கம்யூடேட்டரிலும் மறுமுனையை அச்சிலும் வைத்து 500 வோல்ட்டில் சோதித்தார். இரட்டைக் காப்புக்கு 7 மெகாஓமாவது காட்ட வேண்டும். முள் கீழே இறங்கி நின்றது. ஆனால் கம்பியிலும் உறையிலும் பழுதில்லை. கார்பன் பிரஷ் தேய்ந்து உதிர்ந்த கரித்தூள் உள்ளெங்கும் படிந்து கிடந்தது.

“ஒட்டுன கரியும் ஒரு ஒயருதானுங்க. யாரும் தொறந்து தொடைக்கறதே இல்லீங்க” என்றார். தூரிகையால் தட்டி, காற்றடித்துத் துடைத்து மறுபடி வைத்தபோது முள் உயர்ந்தது. ஆங்கிள் கிரைண்டராக இருந்தால் கரியோடு இரும்புத்தூளும் சேர்ந்துகொள்ளும் என்றார்.

அளவுமீறிய மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. வீட்டில் இருக்கிறதே என்ற தைரியம் எவ்வளவு ஆதாரமற்றது என்பதைச் சிறு கணக்கு காட்டும். ஈரமான தேகத்தின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்றால் 230 வோல்ட்டில் பாய்வது 230 மில்லி ஆம்பியர்; பிராணனைப் பறிக்க அது போதும், ஆனால் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஏறக்குறைய எழுபதில் ஒரு பங்குதான். பேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மட்டுமே அத்தகைய கசிவை விநாடியின் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள் அறுத்துவிடும். ஆயினும் மர ஸ்டூலின்மேல் நிற்பவன் பேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டால் அது பேசாமல் இருந்துவிடும். ஆகையால் வெட்டுப்பட்ட ஒயருக்கு டேப் சுற்றித் திருப்திப்படும் வழக்கத்துக்கு ஆர்.சி.சி.பி. ஒருநாளும் பரிகாரமாகாது.

நான் அங்கிருக்கும்போதே ஒருவர் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த தம் உலோக டிரில்லை வாங்கிப்போக வந்தார். பிளக்கே இல்லை, சாக்கெட் துளையில் ஒயரைச் செருகித் தீக்குச்சியால் இறுக்குவாராம். பச்சைக் கம்பி வேரோடு வெட்டப்பட்டிருந்தது.

“மூணு கோர் ஒயரும் பிளக்கும் போட்டாத்தான் குடுப்பேனுங்க.”

“ஓடுனாப் போதுமுங்ணா. எதுக்கு வீண் செலவு?”

“ஓடறது மோட்டருங்க. புடிக்கறது நீங்க.”

வந்தவர் முகம் சுளித்தாலும் சம்மதித்தார். ஒயரை அளந்துகொண்டிருந்த பையன், “வீட்டுல எர்த் சரியா இருக்குதுங்ளா?” என்று கேட்டான். அவருக்குத் தெரியவில்லை. முதலில் எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சோதிக்கும்படியும், அதுவரை அந்த டிரில்லைச் சாக்கெட்டில் செருகக் கூடாது என்றும் சொல்லி, மூத்தவர் ரசீது எழுதலானார்.