தண்ணீர் வந்த வழி

2022 ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியது. மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அது பெரிய இடி. எங்கள் வள்ளத்தின் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது. அன்றிலிருந்து எண்ணெய்க் கணக்கை நானே கொப்பியில் எழுதத் தொடங்கினேன்.

எழுதியபோதுதான் ஒன்று தெரிந்தது. முன்பு 10 லீற்றரில் முடிந்த ஓட்டத்துக்கு இப்போது 13, 14 லீற்றர் போகிறது. கேட்டால், “எஞ்சின் பழசு” என்றார் இவர். எனக்கு அது போதவில்லை. எண்ணெயை யாருக்கும் விற்கிறாரோ, வேறு எங்கும் போய் வருகிறாரோ என்று மனம் கண்டபடி ஓடியது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இரண்டு மாதம் எங்கள் வீட்டில் சரியான பேச்சுவார்த்தை இருக்கவில்லை.

எங்களுடையது பைபர் வள்ளம். சுனாமியில் மாமாவின் தோணி போன பிறகு, 2005 இல் உதவியாகக் கிடைத்தது. அந்த நாட்களில் அவசரமாகக் கட்டிக் கொடுத்த வள்ளங்கள் பலவற்றின் தரத்தைப் பற்றி ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் அப்போதே எச்சரித்திருந்தது. எங்களுக்கு அது எங்கே தெரியும்? கிடைத்ததே பெரிது என்று எடுத்துக்கொண்டோம்.

இந்த வள்ளத்தில் நாம் மிதிக்கும் தளத்துக்குக் கீழே ஓர் இடைவெளி உண்டு. உள்ளே வரும் தண்ணீர் அங்கேதான் இறங்கும். முன்பெல்லாம் வெட்டிய கானால் இறைப்போம். 2020 இல் கட்டாரில் இருக்கும் என் தம்பி, பற்றரியில் வேலை செய்யும் சின்னப் பம்பு ஒன்று அனுப்பினான். வள்ளத்தின் பின்பக்கத்தில் தண்ணீர் சேர்ந்தால் மிதவை எழும்பும், பம்பு தானாக ஓடும். முதல் வருடம் அடிக்கடி ஓடியது. பிறகு ஓடுவது குறைந்தது. கசிவு நின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டோம்.

அந்த வருடம் கார்த்திகை மாதம் இவரும் மகனும் கடலிலிருந்து முகத்துவாரத்துக்குள் திரும்பும்போது பின்னாலிருந்து அலை தூக்கியது. அணியம் அப்படியே கீழே குத்தியது. எழும்பவில்லை. வலையை வெட்டிக் கடலில் விட்டபின்தான் தப்பினார்கள். கரையில் நின்ற எனக்குக் கால் ஓடவில்லை. மகனுக்கு அப்போது 17 வயது.

மறுநாள் ஓடாவிப் பெரியப்பாவைக் கூட்டி வந்தோம். மரத் தோணி கட்டிய கை. வள்ளத்தைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். “பம்பு இருக்குதே பெரியப்பா” என்றேன். “அது நோவ மறைக்கிற குளிசை, புள்ள. தண்ணி எங்கால வருகுது, எங்கால போகுது எண்டு பாத்தியா?” என்றார்.

பின்பக்க அடைப்பைக் கழற்றினோம். ஒரு கிளாஸ் தண்ணீர்கூட வரவில்லை. அணியத்தைத் தூக்கிக் குற்றி வைத்தும் வரவில்லை. தளத்தில் கை விடுவதற்கு ஒரு சின்ன மூடி உண்டு. இவருடைய கை அதற்குள் போகாது. என் கை போனது. தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின் அடியில் பெருவிரல் அளவில் ஓட்டைகள் விட்டிருப்பார்கள். முன்னால் விழும் தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் பின்னுக்கு வரவேண்டும். தொட்டுப் பார்த்தால் மீன் செதிலும் நைலோன் நூலும் மணலும் சேர்ந்து சீமெந்து போல இறுகிக் கிடந்தன. பழைய சைக்கிள் கம்பியை வளைத்து மெதுவாகக் கிண்டினேன். நாறிய கறுப்புத் தண்ணீர் வரத் தொடங்கியது.

20 லீற்றர் வாளியால் ஏழு வாளி! பம்பு இருந்த இடம் காய்ந்து கிடக்க, வள்ளத்தின் முன்பாதி குளமாக இருந்திருக்கிறது. சாதாரண தரம் படிக்கும் மகள் கணக்குப் போட்டுக் காட்டினாள். 15 அடி நீளம், 4 அடி அகலமான இடத்தில் ஓர் அங்குலம் தண்ணீர் நின்றாலே ஏறக்குறைய 140 லீற்றர். அதாவது 140 கிலோ. இரண்டு ஆட்களைச் சும்மா ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறோம். எண்ணெய் போன வழி அதுதான். நான் இவருடைய முகத்தைப் பார்த்தேன். இவர் ஒன்றும் சொல்லாமல் வாளியை வாங்கி ஊற்றினார்.

தண்ணீர் போகும் வழி திறந்தாயிற்று. வரும் வழி? மழைத் தண்ணீரா, வாவித் தண்ணீரா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பது வழக்கம். மாரியில் அது உதவாது. ஆற்று வெள்ளம் இறங்கி வாவியின் உப்பே குறைந்துவிடும். அப்போதுதான் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்குப் போடும் நீலம் என் நினைவுக்கு வந்தது. வள்ளத்தைக் குற்றிகளில் ஏற்றி, வெளிப்பக்கத்தைத் துடைத்துக் காயவிட்டு, உள்ளே நீலம் கரைத்த தண்ணீர் மூன்று வாளி மட்டும் ஊற்றினோம். கரையில் நிற்கும் வள்ளத்தை வெளியிலிருந்து தாங்கத் தண்ணீர் இல்லை. நிறைய ஊற்றினால் பாரத்தில் அடி வெடிக்கும். அரை மணித்தியாலத்தில் அடியின் நடுவே, ஏராவில், மயிர் போன்ற வெடிப்பில் நீலம் கசிந்தது. 17 வருடம் மணலில் இழுத்து இழுத்துத் தேய்ந்த இடம்.

உடனே பூச முடியாது. ஈரமான பைபரில் றெசின் ஒட்டாது. மாரி முடியும் வரை வள்ளம் ஓலைக்குக் கீழே காய்ந்தது. இவர் அடுத்தவரின் வள்ளத்தில் பங்குக்குப் போனார். என் தோடு அடகுக்குப் போனது. 2023 மாசியில் வெடிப்பைச் சுரண்டி, நாரும் றெசினும் மாறி மாறி வைத்துக் கட்டினார்கள். இப்போது இழுப்பதில்லை. தென்னங்குற்றி போட்டு உருட்டுகிறோம்.

வீட்டில் பழைய வள்ளம் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். மாதம் ஒருமுறை தளத்துக்குக் கீழே கையை விட்டு ஓட்டைகளைத் துப்புரவாக்குங்கள். மிதவையைக் கையால் தூக்கிப் பம்பு ஓடுகிறதா என்று பாருங்கள். பின்பக்க அடைப்பின் றப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். பம்பு இருந்தாலும் இறைக்கும் கானை வீட்டில் விட்டுப் போக விடாதீர்கள். அடிக்கடி ஓடும் பம்பைவிட, திடீரென்று ஓடாமல் விட்ட பம்புக்குத்தான் கூடுதலாகப் பயப்பட வேண்டும்.

எண்ணெய்க் கொப்பி இன்னும் என்னிடம்தான். ஓட்டத்துக்கு மறுபடி 10 லீற்றர் போதுகிறது. கணக்கில் ஒரு லீற்றர் கூடினால் இவரைக் கேட்பதற்கு முன் சைக்கிள் கம்பியை எடுத்துக்கொண்டு நான் கரைக்குப் போகிறேன்.