சிட்டிசன்ஷிப் வரும்வரை ஊருக்கு வரக் கூடாதா?

வெளிநாட்டில் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டவர்கள், அது கைக்கு வரும்வரை அந்த நாட்டை விட்டு நகரவே கூடாது. எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இந்தச் சட்டம் மனப்பாடம். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால் மட்டும் பதில் வராது. ‘எங்க மச்சினர் பையன் அப்படித்தான் ஊருக்கு வந்தான், ஃபைலையே மூடிட்டாங்க’ என்பார்கள். அந்த மச்சினர் பையனை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

என் தம்பி கனடாவில், டொரன்டோ பக்கம் இருக்கிறான். 2023 செப்டம்பர் கடைசியில், திண்டிவனம் வீட்டுக் குளியலறையில் அப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அப்போது தம்பி குடியுரிமைக்கு விண்ணப்பித்து, பரீட்சையும் எழுதி முடித்துவிட்டுக் காத்திருந்தான். நான் விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவள். தகவல் வந்ததும் ஓடி, அப்பாவைப் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே வராந்தாவில் பெரியப்பா என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: “தம்பிகிட்ட விழுந்ததை மட்டும் சொல்லு. வான்னு சொல்லிடாத. அத்தனை வருஷ உழைப்பும் வீணாப் போயிடும்.”

நான் சொல்லிவிட்டேன். எனக்கு அப்படி மறைக்கத் தெரியாது.

தம்பி சிரித்தான். “அக்கா, நாள் கணக்கெல்லாம் கையெழுத்துப் போட்ட தேதியோட முடிஞ்சுபோச்சு” என்றான். கனடாவில் விண்ணப்பத்தில் கையெழுத்திடும் நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். அதன் பிறகு வெளியே போவதால் அந்தக் கணக்கு குறையாது. ஆனால் நிரந்தரவாசியாகத் தொடர்வதற்கு ஐந்தாண்டில் 730 நாட்கள் என்று தனியாக ஒரு கணக்கு உண்டு, அதில் தவறக் கூடாது. திரும்பி விமானம் ஏறும்போது பி.ஆர். கார்டு காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். அனுப்பும் மின்னஞ்சலுக்குக் குறித்த தேதிக்குள் பதில் போட வேண்டும். அவ்வளவுதான். அமெரிக்காவில் இது கொஞ்சம் கடுமை. அங்கே விண்ணப்பித்த பிறகும் ஒரே மூச்சில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் தொடர்ச்சி அறுந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். ஆக, எந்த நாடு என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே அறிவுரை சொல்கிற பெரியப்பாக்களை நம்ப வேண்டாம்.

அக்டோபர் முதல் வாரம் வந்து சேர்ந்தான். பரனூர், ஆத்தூர் இரண்டு சுங்கச்சாவடியும் தாண்டி விடியற்காலையில் கார் வாசலில் நின்றபோது, அப்பா கேட்ட முதல் கேள்வி, “ரிட்டர்ன் டிக்கெட் போட்டுட்டியா?”

ஆயுத பூஜை அன்று, அக்டோபர் 23. அம்மா என் ஸ்கூட்டிக்குப் பொட்டு வைத்த கையோடு அப்பாவின் வாக்கருக்கும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டாள். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் தம்பியின் போனில் அந்த மெயில் வந்தது. நவம்பரில் உறுதிமொழி ஏற்பு விழா. வீடியோ வழியாகத்தான், ஆனால் கனடாவுக்குள் இருந்துகொண்டுதான் ஏற்க வேண்டும்.

அம்மா சாமி படத்தின் முன் விழுந்து கும்பிட்டாள். பெரியப்பாவுக்கும் போன் போய்விட்டது. தம்பி மட்டும் மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

நான் பின்னாலேயே போனேன். “போய் எடுத்துட்டு உடனே வந்துடேன்டா” என்றேன். அவன் சொன்ன விஷயம் எனக்கு அதுவரை தெரியாது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1955-ம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி, இன்னொரு நாட்டின் குடியுரிமையை விரும்பி ஏற்ற கணமே இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும். கையில் இருக்கிற இந்தியப் பாஸ்போர்ட்டில் இன்னும் எட்டு வருடம் பாக்கி இருந்தாலும் அதைக் காட்டிப் பயணம் செய்வது குற்றம். கனடா பாஸ்போர்ட் எடுத்து, பழையதை ஒப்படைத்து, ஓ.சி.ஐ. கார்டு வாங்க வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் வர வேண்டுமென்றால் விசா வேண்டும்.

அந்த விசாதான் அப்போது இல்லை. இரு நாட்டு உறவு முறுகியதில் 2023 செப்டம்பர் 21 முதல் கனடா நாட்டவருக்கு இந்தியா விசா கொடுப்பதை நிறுத்தியிருந்தது. ஏற்கெனவே ஓ.சி.ஐ. வைத்திருந்தவர்களுக்குத் தடையில்லை. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த என் தம்பி மாதிரி ஆட்களுக்கும் தடையில்லை, இந்தியப் பாஸ்போர்ட் இருந்ததே! மாட்டிக்கொண்டவர்கள் அந்தக் கோடையில் சந்தோஷமாக உறுதிமொழி எடுத்து, கேக் வெட்டி, ஓ.சி.ஐ. கைக்கு வராமல் இருந்தவர்கள்தான். எல்லோரும் காத்திருக்கும் காலத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், கிடைத்த நாளுக்கும் ஓ.சி.ஐ. வரும் நாளுக்கும் நடுவே இருக்கிற அந்தச் சந்துதான் ஆபத்து.

அப்பாவுக்கோ தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்திருந்தது. மறுபடி திறக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தம்பி வேறு தேதி கேட்டு, டாக்டர் சான்றிதழையும் இணைத்து, எழுதிப் போட்டான். வீட்டில் ஒரு வாரம் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. “கையில வந்த லட்டை யாராவது தள்ளுவாங்களா?” என்று அம்மாவே கேட்டுவிட்டாள். அப்பாதான் முடித்துவைத்தார். விழுப்புரம் ஜங்ஷனில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். “கிராசிங்குக்கு நிக்கிற வண்டி லேட்டாதான் ஆகும், கேன்சல் ஆகாது. விடுங்க.” அதோடு விடாமல், புதுச்சேரி 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த கதையையும் ஆரம்பித்தார். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் எழுதிக்கொடுக்க அன்றைக்கு ஆறே மாதம்தான் அவகாசம். “இவனுக்குத் தேதியாவது மாத்துவாங்க” என்றார்.

அந்த வாரம்தான் குளியலறையில் கைப்பிடி பொருத்த பெயின்டர் அண்ணன் வந்தார். பெயின்ட் மட்டுமல்ல, எங்கள் வீட்டில் எந்த வேலைக்கும் அவர்தான். கீழ்ப்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கிறார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அந்த ஊர் தெரியும். 1990-ல் மன்னாரிலிருந்து படகில் வந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. நடப்பதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு தம்பியிடம் கேட்டார்: “அங்க விண்ணப்பம் போட்டுட்டு வெளிய போக விடுவினமோ, தம்பி?”

“விடுவாங்கண்ணே.”

“திரும்பியும் உள்ள விடுவினமோ?”

“விடுவாங்க.”

அவர் தலையாட்டிவிட்டு டிரில்லிங் மெஷினை எடுத்துக்கொண்டார். அவருடைய அம்மா ஸ்கார்பரோவில் அக்காவோடு இருந்து, 2019-ல் அங்கேயே இறந்துபோனார். இவர் இறுதிச் சடங்கை போனில்தான் பார்த்தார். எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இவரிடம் இல்லை. முகாமில் பெயர் கூப்பிடும் நாளில் இங்கே இருந்தாக வேண்டும். முகாம்களுக்கு 2021-ல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று தமிழக அரசு பெயர் மாற்றியது. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், பிறப்பால் இந்தியரே என்று 2022-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தும். பெயின்டர் அண்ணன் மகள் பிறந்தது 2003-ல், புதுச்சேரி ஆஸ்பத்திரியில். பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். இல்லை.

தம்பி நவம்பரில் திரும்பிப் போனான். அவன் போன பிறகு இ-விசாவையும் மறுபடி திறந்துவிட்டார்கள். பெரியப்பா அதைச் சொல்லிக் காட்டத் தவறவில்லை. ஆனால் ஜனவரியில், பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது, அப்பாவுக்குச் சீழ் ரத்தத்தில் கலந்து நினைவு தப்பியது. தம்பி அன்று இரவே அதே இந்தியப் பாஸ்போர்ட்டில் விமானம் ஏறினான். எந்தப் படிவமும் நிரப்பவில்லை, யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஐ.சி.யூ.வில் அப்பா கண் திறந்தபோது பக்கத்தில் இருந்தான்.

உறுதிமொழியை 2024 ஜூனில் எடுத்தான். வீடியோவில் பி.ஆர். கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டிக் காட்டச் சொன்னார்களாம். இந்தியப் பாஸ்போர்ட்டை ரத்து செய்த முத்திரையோடு போட்டோ எடுத்து அனுப்பினான். அப்பா வாக்கரைப் பிடித்தபடி நின்று அதை ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, “வோட்டர் லிஸ்ட்ல பேர எடுக்கணும், அதுக்கு என்ன ஃபாரம்னு விசாரி” என்று என்னிடம் சொன்னார்.

போன மாதம் மாடிப்படிக் கம்பிக்கு பெயின்ட் அடிக்க அண்ணன் வந்திருந்தார். “தம்பிக்கு கார்ட் வந்திட்டுதோ?” என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். டீ கொடுத்தேன். மகளுக்கு பி.காம். முடிந்துவிட்டதாம், ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் கேட்டிருக்கிறார்கள், ஆனால் அடையாள அட்டை விஷயத்தில் ஏதோ யோசிக்கிறார்களாம். யாரையாவது தெரியுமா என்று கேட்டார். திண்டிவனத்தில் எனக்குத் தெரிந்த இரண்டு ஆடிட்டர்களிடம் பேசியிருக்கிறேன்.