கூடத்து விருந்தினர்

தில்லியில் குடியேறிய தமிழர் இல்லங்களுக்குத் தனியாக ஒரு பருவம் உண்டு. பொங்கல் கழிந்ததும் ஊரிலிருந்து செய்தி வரும்: "நம்ம பையனுக்கு இண்டர்வியூ வந்திருக்கிறது, இரண்டு நாள் தங்க இடம் வேண்டும்." கூடத்தில் பாய் விரியும், சாம்பாரில் நீர் கூடும். முப்பது ஆண்டுகளாக நமது இல்லத்தில் இவ்வழக்கம் நடந்து வருகிறது. முன்பெல்லாம் குமாஸ்தா வேலைக்கு வரும் பிள்ளைகளும் உண்டு. மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வை 2016 சனவரி முதல் நிறுத்திவிட்டபடியால், இப்போது வருவோர் பெரும்பாலும் ஷாஜஹான் சாலையிலுள்ள தோல்பூர் ஹவுஸுக்குச் செல்லும் குடிமைப் பணித் தேர்வர்களே.

இவர்களுக்கென்றே நம் அலமாரியில் ஒரு கோட்டு இருக்கிறது. கரோல் பாக்கில் நமக்காகத் தைத்தது. நம் உடல் பெருத்த பின் ஊர்ப் பிள்ளைகளின் தோளுக்கு மாறிற்று. "வீட்டில் அதற்குத்தான் தோல்பூர் ஹவுஸுக்கு வழி நன்றாகத் தெரியும்" என்பாள் நம் இல்லாள்.

சோறிடுகிறவனுக்கு உபதேசம் செய்யும் உரிமையும் தானாக வந்துவிடுகிறது போலும். பனிமூட்டத்தில் ரயில் எத்தனை மணி தாமதிக்கும் என்று எவராலும் சொல்ல இயலாது. இரண்டு நாள் முன்னதாக வந்து சேர். மூலச் சான்றிதழ்களை வரிசையாக அடுக்கி வை. உள்ளே அழைக்குமுன் சரிபார்ப்பர். படிவத்தில் நீ எழுதிய ஒவ்வொரு சொல்லும் கேள்வியாகத் திரும்பலாம். பொழுதுபோக்கு என்ற இடத்தில் அழகுக்காகச் சதுரங்கம் என்று எழுதாதே. தெரியாததைத் தெரியாது என்று சொல். இவையெல்லாம் நல்ல உபதேசங்களே. தவறான உபதேசம் ஒன்றும் செய்தோம்.

சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்து இளைஞர் ஒருவர், உழவர் குடும்பம். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுத முடிவு செய்திருந்தார். அவ்வாறு எழுதுவோர் நேர்முகத்திலும் தமிழிலேயே பேசலாம். மொழிபெயர்ப்பாளரை ஆணையமே அமர்த்தும். எம்மொழியில் பேசுவது என்பதை மட்டும் முன்னதாகவே படிவத்தில் குறிக்க வேண்டும். 2017இல் அப்படிவத்தை நிரப்புகையில் அவர் நம்மைத் தொலைபேசியில் கேட்டார். நாம் சற்றும் தயங்கவில்லை. "தம்பி, எழுதுவது வேறு, பேசுவது வேறு. பெரியவர்கள் முன் ஆங்கிலத்தில் பேசினால்தான் மதிப்பு" என்றோம். "நீங்கள் சொன்னால் சரிதான், ஐயா" என்றார். தலைநகரின் அலுவலகங்களில் ஆங்கிலம் தடுமாறிக் கூசி நின்ற நம் இளமைக்காலமே அன்று நம் வாய்வழி பேசிற்று என்று இப்போது தோன்றுகிறது.

2018 மார்ச்சில் கோட்டை அணிந்து சென்றவர் திரும்பி வந்து உணவில் கை வைக்கவில்லை. "கண்மாயைப் பற்றித்தான் கேட்டார்கள், ஐயா. எனக்குத் தெரியாததா? மூன்று வாக்கியத்துக்கு மேல் வரவில்லை" என்றார். மொத்தம் 2025 மதிப்பெண்ணில் நேர்முகத்துக்கு 275. பட்டியலில் அவர் பெயர் இல்லை. தவறினால் முதல்நிலைத் தேர்விலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும். அவர் நம்மை ஒரு சொல்லும் குறை கூறாததுதான் நம்மைப் பல இரவுகள் வருத்திற்று.

அடுத்த முறை நம்மைக் கேளாமலே தமிழ் என்று குறித்தார். 2019 பிப்ரவரியில் நான்கு நாள் முன்னதாக வந்தார். ஒத்திகைக்கு நம் மகள் மொழிபெயர்ப்பாளரானாள். அவள் தில்லியில் பிறந்தவள். அவளது தமிழ் சமையலறை வாசலோடு நின்றுவிடும். முதல் நாள் அவர் வெள்ளமாகப் பேச, அவள் கையுயர்த்தி, "அண்ணா, கொஞ்சம் நில்லுங்கள், பாதி மறந்துவிட்டது" என்றாள். அதிலிருந்து இரண்டு வாக்கியம் சொல்லி நிறுத்தப் பழகினார். மொழிபெயர்ப்பவரை நோக்காமல் கேட்டவரின் முகத்தை நோக்கப் பழகினார். ஆங்கிலக் கேள்வி அவருக்கு விளங்கும். அது தமிழில் மறுபடி வரும் நேரத்தில் விடையை ஒழுங்கு செய்துகொள்ளலாம் என்பதை அவரே கண்டுபிடித்தார். அவள் பொருளை மாற்றிச் சொன்னபோது மரியாதைக்காகச் சும்மா இருந்தார், "அங்கே அப்படி இருக்காதே, பணிவாகத் திருத்து" என்றோம். அவ்வளவே இம்முறை நம் உபதேசம்.

"கலிங்கு" என்ற சொல்லில் மகள் முற்றும் நின்றுவிட்டாள். அவர் தாளில் கரையை வரைந்தார். வயலுக்கு நீர் விடும் மடையைக் குறித்தார். கண்மாய் நிறைந்து மிஞ்சும் நீர் கரையை உடைக்காமல் வழிந்தோடும் இடமே கலிங்கு என்று காட்டினார். யார் வயலுக்கு எப்போது நீர் என்ற முறையையும், அதில் எழும் சண்டையையும், அதைத் தீர்க்கும் விதத்தையும் சொல்லச் சொல்ல, இல்லாளும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அமர்ந்தாள். நாம் அச்சொல்லை ஊரைவிட்டு வந்தபின் கேட்டதில்லை.

நேர்முகத்தன்று மாலை வந்தவர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கி உண்டார். என்ன கேட்டார்கள் என்று நாம் வினவவில்லை. ஏப்ரலில் பட்டியல் வெளியாயிற்று; பெயர் இருந்தது. கோட்டு பார்சலில் வந்தது, வெளுத்து, நெடுநாளாய்ப் போயிருந்த பொத்தானையும் தைத்து.

இவ்வாண்டு தஞ்சைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, நேர்முகத்தைத் தமிழில் வைத்துக்கொள்ளலாமா, ஆங்கிலத்திலா?" என்றாள். தங்க இடம் உண்டு என்றோம். கேள்விக்கு மட்டும் அந்தத் தம்பியின் எண்ணைக் கொடுத்தோம்.